முதுகு வாதக்காரர்களின் குதிகால் வலி: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏ.எஸ். (அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகு வாதம்) என்று டாக்டர் பெயர் சொன்ன நாளிலிருந்து பேச்செல்லாம் முதுகைச் சுற்றியே நடக்கும். இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், இந்த நோயோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. பி27 மரபணு இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள், குனிந்து தரையைத் தொடச் சொல்வார்கள். செருப்பைக் கழற்றுங்கள் என்று கேட்கிற டாக்டர் அபூர்வம். ஆனால் படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை நடக்கும் அந்தச் சில அடிகளை நரகமாக்குவது பலருக்கு முதுகல்ல, குதிகால்தான்.

இந்தக் கட்டுரை அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் இருப்பவர்களுக்கும், எக்ஸ்ரேயில் இன்னும் மாற்றம் தெரியாத அதன் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கும். பிந்தையவர்களின் சீட்டில் ஆக்ஸியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ் என்று எழுதியிருக்கும். கழுத்துத் தேய்மானத்தையும் நம் ஊரில் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றுதான் சொல்கிறார்கள். அது வேறு சமாச்சாரம். இது பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்குவது, படுத்தால் கூடி நடமாடினால் குறைவது.

இதில் உள்ள சங்கடம் ஒன்றுதான். முதுகு ‘நட, அசை, சும்மா இருக்காதே’ என்கிறது. குதிகாலோ ‘உட்கார்’ என்கிறது. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் காது கொடுத்தால் மற்றது கெடும். இரண்டையும் ஒப்பேற்றுவதற்கான வழிகள்தான் கீழே.

கால் ஏன் வலிக்கிறது

இந்த நோய் முதலில் தாக்குவது எலும்பில் தசைநாண் வந்து ஒட்டும் இடங்களை. துணி காயப்போடும் கொடி எப்போதும் ஆணியடித்த இடத்தில்தானே பெயரும், அதுபோல இழுவை முழுவதும் வந்து சேர்கிற புள்ளிகள் அவை. ஏ.எஸ்.ஸில் அழற்சி இந்த இடங்களில் உட்காருகிறது என்பதை ஜான் பால் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1971இலேயே விளக்கிவிட்டார். உடம்பில் அப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் முழு எடையும் இழுவையும் சேர்ந்து விழுவது குதிகாலில். அதன் பின்பக்கம் கெண்டைக்காலிலிருந்து இறங்கும் தடித்த குதிநாண் ஒட்டுகிறது. அடிப்பக்கம் உள்ளங்கால் வளைவைத் தாங்கும் தசைப்பட்டை ஒட்டுகிறது. குதிநாணுக்கும் எலும்புக்கும் இடையே ஒரு சின்ன நீர்ப்பை உண்டு, அதுவும் சேர்ந்து வீங்கும்.

எடைக்கும் அழற்சிக்கும் உள்ள உறவை பெல்ஜிய ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். இதே வகை வாதம் வரும்படி வளர்க்கப்பட்ட எலிகளை, பின்னங்கால் தரையில் படாதபடி வாலில் தூக்கி மாட்டி வைத்தபோது குதிநாணில் அழற்சி அடங்கியிருந்தது. இது 2014இல் வெளியானது. உடனே கட்டிலில் காலை நீட்டிவிடாதீர்கள். எலிக்கு முதுகு இறுகும் பயம் இல்லை, நமக்கு உண்டு. ஆனால் குதிகாலின் சுமையைக் குறைப்பது வெறும் சொகுசு அல்ல என்பது புரிகிறதல்லவா, அது போதும்.

பதின்வயதுப் பையன்களுக்கு முதுகு வலிக்கும் முன்பே, சில வருடங்கள் குதிகாலும் கணுக்காலும் மட்டும் வீங்கி வலிக்கலாம். ‘விளையாடி அடிபட்டிருக்கும்’ என்று விட்டுவிடுகிறோம். வீட்டில் ஒருவருக்கு ஏ.எஸ். இருந்து பையனும் நொண்டினால் அந்தத் தகவலைச் சேர்த்தே டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதல் வேலை: கட்டைவிரலால் தேடுங்கள்

‘கால் வலிக்குது’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன், கட்டிலிலேயே உட்கார்ந்து ஒரு காலைத் தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். முதுகு வளையவில்லை என்றால் வீட்டில் ஒருவரை அழுத்திப் பார்க்கச் சொல்லலாம். நகம் வெளுக்கும் அளவு அழுத்தம் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

குதிநாணைக் கெண்டைக்காலிலிருந்து இரண்டு விரலால் பிடித்தபடி கீழே இறங்கி வாருங்கள். எலும்பில் அது போய் முட்டும் இடத்தில் சுருக்கென்றால் வாதமாக இருக்கலாம். அங்கிருந்து இரண்டு மூன்று விரற்கடை மேலே, நாணின் நடுப்பகுதியில் வலித்தால் அது பெரும்பாலும் அதிக உழைப்பால் வந்த வேறு சங்கதி. அப்புறம் பாதத்தின் அடிப்பக்கம்: குதிகால் மெத்தையின் முன் ஓரம், உள்பக்கமாக. அடுத்து கணுக்காலின் இரு புறமும், பாதத்தின் மேல்மேடும். கடைசியாக விரல்கள். ஒரு விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகப் பருத்திருந்தால் கட்டாயம் போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளில் அது வற்றிப்போயிருக்கும்.

எல்லாக் குதிகால் வலியும் வாதத்தால் வருவதல்ல. ஊரில் பலருக்கு இருக்கும் சாதாரணக் குதிகால் வலி, காலையில் முதல் சில அடிகளில் குத்தும், கொஞ்ச நேரம் நடந்ததும் அடங்கும், நாளெல்லாம் நின்றால் சாயங்காலம் திரும்பும். வாதத்தின் வலி அரை மணி, ஒரு மணி என்று விறைப்போடு இழுக்கும். இரண்டு குதிகாலிலும் வரலாம், அல்லது இந்த மாதம் இடது, அடுத்த மாதம் வலது என்று மாறலாம். பின்பக்கம் வீக்கம் தெரியும். விடியற்காலையில் எழுப்பிவிடும். வலி மாத்திரை போட்ட அன்று ஆச்சரியப்படும்படி குறையும். இரண்டும் ஒரே காலில் சேர்ந்தும் இருக்கலாம், உடல் எடை கூடியிருந்தால் குறிப்பாக. கால் கட்டைவிரல் அடியில் மட்டும் திடீரென்று சிவந்து கொதித்தால் யூரிக் ஆசிட்டையும் பார்க்க வேண்டும். சிக்குன்குனியா வந்துபோனவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அந்தக் காய்ச்சல் கணுக்காலை மாதக்கணக்கில் பிடித்துக்கொள்ளும். எரிச்சல், மரத்துப்போதல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு இருந்தால் அது நரம்பு அல்லது சர்க்கரை விவகாரமாக இருக்கக்கூடும்.

இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

பெரிய டைரி வேண்டாம். காலண்டர் தாளின் மூலையில் காலை விறைப்பு எத்தனை நிமிஷம், வலி பத்துக்கு எத்தனை, அன்று எந்தச் செருப்பு, அவ்வளவுதான்.

கூடவே செய்ய முடிவதையும் அளக்க வேண்டும். வலியைவிட எனக்கு இது முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் வலிக்கு நாம் பழகிவிடுவோம். பழகிக்கொண்டே வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிடுவோம். ஆய்வுகளில் பாதத்துக்கென்றே 1991இல் வந்த ஒரு கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறார்கள். வலி, சிரமம், விட்டுவிட்ட வேலைகள் என்று மூன்று பகுதி, மொத்தம் 23 கேள்விகள். நமக்கு அந்தத் தாள் தேவையில்லை. உங்கள் நாளிலிருந்தே ஐந்து வேலைகளை எடுங்கள்: எழுந்ததும் பாத்ரூம் போவது, சமையல் முடியும்வரை அடுப்படியில் நிற்பது, பஸ் படியில் ஏறுவது, மாடிப்படி இறங்குவது, கோயில் பிராகாரத்தைச் சுற்றி வருவது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்துவரை சிரமத்தைப் போடுங்கள். மாதம் ஒருமுறை அதே ஐந்தை, அதே நேரத்தில். மருந்து வேலை செய்கிறதா என்பதை இந்தத் தாள் சொல்லிவிடும்.

ஏ.எஸ்.ஸுக்கு மருத்துவமனையில் நிரப்பச் சொல்லும் தாள்களையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்டாய் எனப்படும் ஆறு கேள்வித் தாளில் ‘பாதம்’ என்ற வார்த்தையே கிடையாது. கழுத்து, முதுகு, இடுப்பு தவிர மற்ற மூட்டுகளின் வலி என்று ஒரு கேள்வி, தொட்டால் அழுத்தினால் நோகும் இடங்கள் என்று இன்னொன்று. உங்கள் குதிகால் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். முதுகை மட்டும் நினைத்து அங்கே சின்ன எண்ணைப் போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. அதேபோல டாக்டர் விரலால் அழுத்திப் பார்க்கும் 13 இடப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் குதிகாலின் பின்பக்கம் இருக்கிறது, அடிப்பக்கம் இல்லை. அடிப்பக்கம் வலித்தால் நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும்.

டாக்டரிடம்

முதுகுக்குப் பார்க்கும் அதே ரூமட்டாலஜிஸ்டிடம் (வாத நோய் நிபுணர்) காலையும் காட்டுங்கள். குதிகாலில் இந்த வகை அழற்சி இருப்பது ஏ.எஸ். குடும்பத்து நோய்களை அடையாளம் காண உதவும் குறிகளில் ஒன்று. 2009இல் வகுத்த சர்வதேச வரையறையிலேயே அது இருக்கிறது. காலுக்கு ஒருவர், முதுகுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் இருவர் சீட்டிலும் ஆளுக்கொரு வலி மாத்திரை இருக்கும், நாம் இரண்டையும் விழுங்குவோம். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வருவதற்கு இதைவிடச் சுருக்கு வழி இல்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக்கும் இந்தக் கணக்கில்தான் சேரும். தனியாரில் செலவு கட்டாது என்பவர்களுக்கு: சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்க்கென்று தனிப் பிரிவு உண்டு.

எக்ஸ்ரே எடுத்து ‘எலும்பு வளர்ந்திருக்கு’ என்று சொன்னால் பதற வேண்டாம். வலியே இல்லாத எத்தனையோ பேரின் குதிகாலில் அந்த முள் இருக்கும். அதை வெட்டி எடுத்தால் தீர்ந்தது என்பது இந்த நோயில் சரிவராத கணக்கு. உண்மையில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க, ரத்த ஓட்டத்தையும் காட்டும் டாப்ளர் வசதியோடு அல்ட்ராசவுண்ட் எடுக்கலாமா என்று கேளுங்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு நார்மலாக இருந்தாலும் குதிகாலில் அழற்சி இருக்கலாம், அதனால் ரத்த ரிப்போர்ட்டை வைத்து வலியை மறுக்க முடியாது.

மருந்து விஷயம் சுருக்கமாக. முதல் வரிசையில் நாப்ராக்ஸன், இண்டோமெதாசின், எட்டோரிகாக்ஸிப் போன்ற வலி-அழற்சி மருந்துகள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை தொடர்ந்து எடுத்தால்தான் பலன் இருக்கிறதா என்று தெரியும். வலித்த அன்று மட்டும் ஒன்று போடுவது சோதனை ஆகாது. சல்ஃபாசலசின் கை கால் மூட்டு வீக்கத்துக்கு உதவும், முதுகுக்கும் தசைநாண் ஒட்டும் இடத்துக்கும் அதிகம் எதிர்பார்க்க முடியாது. அடங்காவிட்டால் அடாலிமுமாப், எட்டனர்செப்ட், செகுகினுமாப் போன்ற, தடுப்பாற்றலைக் குறைக்கும் ஊசிகள். இவை முதுகையும் குதிகாலையும் ஒருசேரக் கவனிப்பவை. தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். நம் நாட்டில் பலர் உடம்பில் அந்தக் கிருமி உறங்கிக்கொண்டிருப்பதால் இதில் விளையாட முடியாது.

இரண்டு விஷயத்தில் உஷாராக இருங்கள். ஒன்று, குதிநாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி. நாண் அறுந்துபோகும் ஆபத்து இருப்பதால் அங்கே போடுவதைத் தவிர்ப்பார்கள். உள்ளங்காலில் போடுவதுண்டு என்றாலும் திரும்பத் திரும்பப் போட்டால் தசைப்பட்டை கிழியலாம், குதிகால் மெத்தை மெலியலாம். ‘ஒரு ஊசி போட்டா ஓடிடும்’ என்று யாராவது சொன்னால் எந்த இடத்தில், என்ன ஊசி, ரூமட்டாலஜிஸ்டுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டுக் காலை நீட்டுங்கள். இரண்டு, சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள். இவை குதிநாணைப் பலவீனப்படுத்தி அறுக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் மிகக் கடுமையான எச்சரிக்கையாகவே போட்டது. சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம் ஊரில் சாதாரணமாக எழுதித் தருகிற மாத்திரைகள் இவை. ‘எனக்குக் குதிநாணில் அழற்சி உண்டு, வேறு தர முடியுமா’ என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

செருப்பு

செலவு குறைவு, பலன் சீக்கிரம் தெரியும். அதனால் இதில் கொஞ்சம் விரிவாகவே.

முதலில் வீட்டுக்குள். டைல்ஸும் கிரானைட்டும் போட்ட வீட்டில் வெறுங்காலோடு நாளெல்லாம் நடப்பதுதான் நம் குதிகாலுக்கு விழும் பெரிய அடி. வெளியே போட்டுப் போகாத, வீட்டுக்கென்றே ஒரு ஜோடி வாங்கிக் கட்டிலடியில் வையுங்கள். காலையில் முதல் அடியே அதில்தான். ‘வீட்டுக்குள்ள செருப்பா, அடுப்படியிலயுமா?’ என்று மாமியாரோ அம்மாவோ கேட்கத்தான் செய்வார்கள். ‘இது மருந்து மாதிரிம்மா, டாக்டர் சொன்னது’ என்று சொல்லிவிடுங்கள். பூஜையறை வாசலில் கழற்றிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

எது வாங்குவது? தட்டையான ஹவாய் செருப்பு வேண்டாம். அதில் பிடிப்பு இல்லாததால் விரல்கள் அதைக் கவ்விக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் கடையில் தருவார்கள். சர்க்கரை நோயாளிகளுக்காகப் பரவலானது, ஆனால் மெத்தென்ற அந்த அட்டை நமக்கும் ஒத்துவரும். பின்வார் இருந்தால் நல்லது. குதிநாண் ஒட்டுமிடம் வீங்கியிருந்தால் மட்டும் வார் அங்கே உரசாததாகப் பாருங்கள். வெளியே போகிற ஷூவைக் கடையிலேயே கையில் எடுத்து மூன்று விதமாகச் சோதிக்கலாம். நுனியையும் குதியையும் பிடித்து மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் வைத்துவிடுங்கள். துணி பிழிவதுபோல் முறுக்கினால் எதிர்க்க வேண்டும். குதிகாலைச் சுற்றிய பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது, ஆனால் அதன் மேல்விளிம்பு மெத்தென்று இருக்க வேண்டும். சாயங்காலம் போய் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் அதன் முழு அளவில் இருக்கும்.

குதிநாணில் வலி என்றால் குதிப்பக்கம் முன்பக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர்வரை உயர்ந்திருந்தால் இழுவை குறையும். ஷூவுக்குள் வைக்கும் குதிப்பட்டை கிடைக்கிறது. ஒரு கால்தான் வலிக்கிறது என்றாலும் இரண்டிலும் வையுங்கள், இல்லாவிட்டால் இடுப்பு சாய்ந்து முதுகு தகராறு செய்யும். அடிப்பக்கம் வலி என்றால் சிலிக்கான் குதிக்கிண்ணமும் வளைவைத் தாங்கும் இன்சோலும். அளவெடுத்துச் செய்யும் விலையுயர்ந்த இன்சோலுக்கு எடுத்த எடுப்பில் போகாதீர்கள். ஆயத்தமாகக் கிடைப்பதை ஒன்றரை மாதம் போட்டுப் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் யோசிக்கலாம். அரசுத் தரப்பில் சென்னை கே.கே. நகர் புனர்வாழ்வு மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் இதற்கான பிரிவு உண்டு.

கோயில், கல்யாண மண்டபம் போன்ற இடங்களில் தடித்த சாக்ஸ் கைகொடுக்கும்.

காலைப் பயிற்சி

எழும் முன் படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழுமாக இருபது முப்பது முறை அசையுங்கள். உட்கார்ந்து, காலைத் தொடைமேல் வைத்து, விரல்கள் எல்லாவற்றையும் கையால் முழங்கால் பக்கமாகப் பின்னுக்கு இழுங்கள். உள்ளங்காலில் ஒரு நாண் விறைப்பது தட்டுப்படும். பத்து விநாடி பிடித்து விடுங்கள், பத்து முறை. முதுகு வளையாதவர்கள் துண்டை விரலில் மாட்டி இழுக்கலாம். அப்புறம்தான் தரையில் கால்.

வலி கொஞ்சம் அடங்கிய பிறகு வலுவூட்டும் பயிற்சி. சுவரைப் பிடித்து நின்று, இரண்டு குதிகாலையும் மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குவது. யூடியூபில் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கச் சொல்வார்கள். குதிநாண் எலும்பில் ஒட்டுமிடத்தில் வலி உள்ளவர்கள் அதைச் செய்யக் கூடாது, நாண் எலும்போடு நசுங்கும், சமதரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பத்துக்கு நாலு வரை வலிப்பதில் தப்பில்லை, ஆனால் மறுநாள் காலை வழக்கத்தைவிட மோசமாக இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

நடையை நிறுத்தாதீர்கள், உடையுங்கள். ஒரே மூச்சில் முக்கால் மணி நடப்பதற்குப் பதில் கால் கால் மணியாக மூன்று தடவை. குதிகால் கொதிக்கும் வாரங்களில் சைக்கிளோ நீச்சலோ முதுகை அசைவில் வைத்திருக்கும். முதுகுக்கான பயிற்சிகளில் பெரும்பாலானவை படுத்தும் உட்கார்ந்தும் செய்பவைதான், அவற்றுக்கு விடுமுறை கிடையாது.

நின்றுகொண்டே வேலை செய்பவர்கள் அடுப்படியில் ஓர் உயரமான ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம். ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு ஒரு செய்தி: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் கொண்டுவந்த திருத்தப்படி, வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஊழியர்களுக்கு இருக்கை தரப்பட வேண்டும். கேரளத்தில் 2018இலேயே வந்துவிட்டது. டாக்டர் சீட்டோடு போய்க் கேட்டால் பேச்சு சுலபமாகும்.

பாதத்தை எட்ட முடியாதபோது

ஏ.எஸ்.ஸில் ‘செய்ய முடிகிறதா’ என்று கேட்கும் பாஸ்ஃபி தாளின் முதல் கேள்வியே உதவியில்லாமல் சாக்ஸ் போட முடியுமா என்பதுதான். முதுகு இறுகினால் பாதம் தூரமாகிவிடும். நகம் வெட்ட முடியாது, வெடிப்பு தெரியாது. கால் விரலிடுக்கில் புண் இருப்பதே தெரியாமல் தடுப்பாற்றலைக் குறைக்கும் ஊசி போட்டுக்கொள்வது நல்லதல்ல. வாரம் ஒருநாள் செல்போன் கேமராவால் இரண்டு உள்ளங்காலையும் படம் எடுத்துப் பாருங்கள். நகத்தைக் குளித்தபின், பாதத்தை ஸ்டூல்மேல் வைத்து, முடியாவிட்டால் வீட்டாரைவிட்டு வெட்டிக்கொள்ளுங்கள். நீளக் கைப்பிடி ஷூ ஹார்ன் ஒன்று வாசலில் தொங்கட்டும்.

செங்கல்லும் எருக்கிலையும்

குதிகால் வலி என்று சொன்னால், செங்கல்லைச் சூடாக்கி எருக்கிலையை வைத்து மேலே குதிகாலை அழுத்து என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். சூட்டால் கொஞ்ச நேரம் இதமாக இருப்பது உண்மைதான், நோயின் அழற்சியை அது தொடாது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மங்கியவர்கள் கிட்டவே போகக் கூடாது, வெந்துபோனது கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும். இதமான வெந்நீரே போதும். வீங்கிச் சூடாக இருந்தால் துணியில் சுற்றிய ஐஸ், பத்துப் பதினைந்து நிமிஷம். எண்ணெய் தேய்க்கலாம், வீங்கிய நாணைப் பிடித்து உருவிவிடச் சொல்லாதீர்கள்.

காத்திருக்கக் கூடாதவை

பின்னங்காலில் யாரோ உதைத்ததுபோல் ‘டப்’பென்று உணர்ந்து, அதற்குப் பிறகு நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் குதிநாண் அறுந்திருக்கலாம், அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து கொதித்தால், முக்கியமாக ஊசி மருந்து எடுப்பவர்கள், கிருமித் தொற்று இல்லை என்று உறுதிப்படுத்தாமல் வீட்டில் இருக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி இறுகினால் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு காலும் வலுவிழந்து, உட்காருமிடம் மரத்து, சிறுநீர் வராமலோ கட்டுப்படாமலோ போனால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. கால் சம்பந்தமில்லாவிட்டாலும் இன்னொன்று: கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால், மருந்துக்கடைச் சொட்டு மருந்தைத் தேடாமல் அன்றே கண் மருத்துவரிடம் போய் ‘எனக்கு ஏ.எஸ். இருக்கிறது’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.